பழைய கணினி, லினக்ஸ், ஆறு ஒலிபெருக்கிகள்: குறைந்த செலவில் சரவுண்ட் ஒலி

"படத்தில் கதைப்பது விளங்குதில்லை. குண்டு வெடித்தால் மட்டும் வீடே அதிருது." கணினி திருத்தும் வேலைக்காக வீடுகளுக்குப் போகும்போது நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. எங்கும் கேட்கக்கூடிய முறைப்பாடுதான். ஆனால் வன்னியில் அதற்கு வேறொரு கனம் இருக்கிறது. செல் வீச்சுக்குள் இருந்து மீண்டவர்களில் காது மந்தமானவர்கள் பலர். ஒரு காது முற்றாகவே கேட்காதவர்களும் உண்டு. காது நன்றாகக் கேட்டாலும், எதிர்பாராத வெடிச்சத்தம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறவர்களும் உண்டு. சத்தத்தைக் கூட்டினால் ஒருவருக்கு வசனம் கேட்கும், மற்றவருக்கு நெஞ்சு படபடக்கும். குறைத்தால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது.

சரவுண்ட் ஒலி என்றால் வசதியானவர்களின் ஆடம்பரம், தியேட்டர் மாதிரி வீட்டை அதிரவைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விளம்பரமும் அப்படித்தான் சொல்கிறது. எனக்கு அதன் பயன் வேறாகத் தெரிகிறது. சரவுண்ட் ஒலியில் வசனம் ஒரு தடத்திலும், அதிர்வு இன்னொரு தடத்திலும், சுற்றியுள்ள சத்தங்கள் வேறு தடங்களிலும் பிரிந்து வருகின்றன. பிரிந்து வருவதைத் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டாம் என்றால் பிளக்கைக் கழற்றியும் விடலாம். இரண்டு ஸ்பீக்கரில் எல்லாம் கலந்து வந்தபின் அப்படிப் பிரிக்க வழியில்லை.

இதற்கு வேண்டிய பொருட்களில் பாதி, பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய மேசைக் கணினி உள்ள வீட்டில் ஏற்கெனவே இருக்கும்.

5.1 என்று எழுதுவதன் பொருள் இதுதான்: முன் இடம், முன் வலம், நடு, பின் இடம், பின் வலம் என்று முழு ஒலி தரும் ஐந்து தடங்கள். கடைசிப் புள்ளி ஒன்று, தாழ்ந்த அதிர்வொலிக்கு மட்டுமான ஆறாவது தடம். அதில் 120 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட உறுமல்தான் வரும். 1992 இல் டொல்பி டிஜிட்டலும் 1993 இல் டிடிஎஸ்ஸும் திரையரங்குகளுக்கு வந்ததிலிருந்து படங்களின் ஒலி பெரும்பாலும் இந்த அமைப்பில்தான் தயாராகிறது. அதில் நடிகர் கதைப்பது பெரும்பாலும் நடுத் தடத்தில்தான் வரும். இசையும் சூழலும் இரு பக்கமும் பின்னாலும் போகும். ஹெலிகொப்டர் தலைக்கு மேலால் போகவேண்டுமென்றால் முன்னிருந்து பின்னுக்கு ஓடும்.

எல்லாவற்றிலும் ஆறு தடம் இருக்காது. யூடியூப்பில் கணினியில் பார்ப்பவை இரண்டு தடம்தான். பாட்டு எம்பி3 கோப்புகளும் அப்படியே. ஆறு தடம் உண்மையாக இருப்பது அசல் டிவிடி, புளூரே, பெரிய எம்கேவி கோப்புகள் போன்றவற்றில். உங்கள் வீட்டில் யூடியூப் நாடகமும் பாட்டும் மட்டும்தான் ஓடுகிறது என்றால் இந்தச் செலவே வேண்டாம். இரண்டு ஸ்பீக்கருடன் செய்யக்கூடியதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன், அதுவே போதும்.

இனி கணினி. அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்பீக்கர் செருகும் வட்டத் துளைகள் ஆறு இருந்தால் வேலை சுலபம். பச்சை முன் ஸ்பீக்கர்கள், கறுப்பு பின் ஸ்பீக்கர்கள், செம்மஞ்சள் நடுவும் அதிர்வும், சாம்பல் 7.1 க்கான பக்க ஸ்பீக்கர்கள், நீலம் வெளியிலிருந்து ஒலி உள்ளே எடுக்க, ரோஸ் மைக்குக்கு. மூன்று துளை மட்டும் உள்ள போர்டுகளிலும் பெரும்பாலும் ஆறு தடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ரியல்டெக் நிறுவனத்தின் ஏஎல்சி 662, ஏஎல்சி 887 போன்ற ஒலிச் சில்லுகள்தான் இந்தக் கணினிகளில் அதிகம். இவை தேவைப்பட்டால் நீலத் துளையைப் பின் ஸ்பீக்கருக்கும், ரோஸ் துளையை நடுவுக்கும் அதிர்வுக்கும் வெளியீடாக மாற்றிக்கொள்ளும். மைக் துளை போய்விடுமே என்று யோசிக்க வேண்டாம், கணினியின் முன்முகத்தில் உள்ள மைக் துளை அப்படியே இருக்கும். வெளிநாட்டுச் சொந்தங்களுடன் கதைப்பதற்கு அது போதும்.

மடிக்கணினியில் இந்த வழி இல்லை. அதற்கு யூஎஸ்பி ஒலிக்கருவி வாங்கவேண்டும், அங்கேதான் ஏமாற்று அதிகம். கடைகளில் 7.1 என்று பெரிதாக எழுதிய, விரலளவு யூஎஸ்பி கட்டைகள் மலிவாகக் கிடைக்கும். அதில் ஹெட்போனுக்கு ஒரு துளை, மைக்குக்கு ஒரு துளை. ஒரு துளையில் இரண்டு தடம்தான் போகும். 7.1 என்பது மென்பொருள் காட்டும் பாவனை மட்டுமே. பெட்டியைத் திறக்கச் சொல்லித் துளைகளை எண்ணுங்கள். ஒலி வெளியே வரும் துளை மூன்றாவது இருக்கவேண்டும். சீமீடியா சிஎம் 6206 சில்லு உள்ள பெட்டி வகைகள் உண்மையாகவே பல தடம் தருபவை, லினக்ஸ் கேர்னலும் அவற்றை அறியும். மேசைக் கணினியில் போர்டின் ஒலி பழுதாகிவிட்டது என்றால் பழைய சாமான் கடைகளில் கிடக்கும் பிசிஐ அட்டைகளைத் தேடலாம். சிஎம்ஐ 8738 சில்லின் ஆறு தட அட்டை, சவுண்ட் பிளாஸ்டர் லைவ் 5.1 ஆகியன விண்டோஸின் புதிய பதிப்புகளில் டிரைவருக்கு அலையவைப்பவை. லினக்ஸில் செருகியவுடன் வேலை செய்யும். உங்கள் போர்டில் பழைய வெள்ளை நிறப் பிசிஐ இடம் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு போவது ஸ்பீக்கரில்தான். 2022 நெருக்கடிக்குப் பிறகு புதிய 5.1 செற்றின் விலை எகிறிவிட்டது. பாவித்த செற் தேடுவதே புத்தி. வாங்கும்போது பின்பக்கம் பாருங்கள். ஆறு ஆர்சிஏ துளைகளோ, பச்சை, கறுப்பு, செம்மஞ்சள் என்று மூன்று சிறு துளைகளோ இருந்தால் அது கணினிக்கு ஏற்றது. டிவிடி பிளேயருடன் ஒன்றாக வரும் ஹோம் தியேட்டர் செற்களில் பலதில் வெளியிலிருந்து ஒலி எடுக்க இரண்டு துளைதான் இருக்கும். அந்த வகையில் ஒப்டிக்கல் உள்ளீடு இருந்து, உங்கள் கணினியிலும் ஒப்டிக்கல் வெளியீடு இருந்தால் டிவிடியின் ஆறு தடத்தையும் சுருக்கிய வடிவில் அனுப்பலாம். இல்லாவிட்டால் அது வெறும் இரண்டு தட ஸ்பீக்கர்தான், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ சொந்தக்காரர் அனுப்பிய செற் என்றால், செருகுமுன் மின்சாரத் தகட்டை வாசியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் எங்கள் 230 வோல்ட்டில் செருகிய கணமே புகைந்துவிடும். பிளக் மாற்றி வோல்ட்டை மாற்றாது. வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் தேவை, அதன் விலையையும் கணக்கில் சேருங்கள். பின்னால் 115/230 என்று ஒரு சிறிய சுவிட்ச் இருந்தால் அதிர்ஷ்டம். ஐரோப்பாவிலிருந்து வருபவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

முழுச் செற் வாங்க வழியில்லையா? மூன்று சோடி சாதாரணக் கணினி ஸ்பீக்கர்கள் போதும், வெவ்வேறு வகையாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு சோடி முன்னுக்கு, ஒரு சோடி பின்னுக்கு, மூன்றாவது சோடியில் ஒன்று நடுவுக்கு. மற்றையதை மூலையில் வைத்துவிடலாம். ஒரே ஒரு சோடிக்குத்தான் காசு இருக்கிறது என்றால், இருக்கும் ஸ்பீக்கரை முன்னுக்கு விட்டு, புதிதை நடுவுக்கு எடுங்கள். பின் ஸ்பீக்கர் பிறகு வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனத்துக்கு இந்த ஒட்டுப்போடும் வேலை புதிதல்ல.

லினக்ஸுக்கு வருவோம். பழைய கணினிக்கு நான் போடுவது லினக்ஸ் மின்ட். 4 ஜிபி நினைவகம் இருந்தால் தாராளம். உரிமக் காசு இல்லை, டிரைவர் தேடவும் தேவையில்லை. ஒலிக்கு உள்ளே இரண்டு படிகள் உண்டு என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அடியில் அல்சா, அதுதான் சில்லுடன் நேரடியாகப் பேசுவது. அதற்கு மேல் பழைய பதிப்புகளில் பல்ஸ் ஓடியோ, மின்ட் 22 இலிருந்து பைப்வயர். ஒலி வராத வழக்குகளில் மேல்படியில் எல்லாம் சரியாக இருக்க, அடிப்படியில் ஒரு தடம் மூடியே கிடப்பதுதான் அதிகம்.

பிளக்குகளைச் செருகியபின் 'பல்ஸ் ஓடியோ வொலியூம் கொன்ட்ரோல்' என்ற செயலியைத் திறவுங்கள். இல்லாவிட்டால் மென்பொருள் மேலாளரில் இந்தப் பெயரை ஆங்கிலத்தில் தேடி நிறுவலாம். பெயரில் பல்ஸ் இருந்தாலும் பைப்வயருடனும் வேலை செய்யும். கடைசித் தத்தலான 'கொன்பிகரேஷன்' இல் 'பில்ட்-இன் ஓடியோ' என்பதன் கீழ் 'அனலொக் சரவுண்ட் 5.1 அவுட்புட்' என்று தொடங்கும் வரியைத் தெரிவு செய்யுங்கள். அதற்கு மேலே எச்டிஎம்ஐ என்று இன்னொரு கருவி தெரிந்தால் அது மொனிற்றர் வயர் வழியாகப் போகும் ஒலி. அதைப் பாவிக்காவிட்டால் 'ஓஃப்' ஆக்கிவிடுங்கள். ஒலி அங்கே போய்க்கொண்டிருக்க இங்கே வயரை ஆட்டிப் பார்ப்பவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

இப்போது சோதனை. மின்டின் சினமன் பதிப்பில் ஒலி அமைப்புப் பக்கத்திலேயே சோதனைப் பொத்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கராக அழுத்திக் கேட்கலாம். நடுவை அழுத்த அதிர்வுப் பெட்டி கதைத்தால் பயப்பட வேண்டாம், அந்த வயரின் இரண்டு ஆர்சிஏ முனைகளையும் இடம் மாற்றிச் செருகினால் சரி. முன்னும் பின்னும் மாறியிருந்தால் பச்சைப் பிளக்கும் மற்றதும் மாறிவிட்டன.

ஏதாவது ஒரு தடம் அடியோடு மௌனம் என்றால் டேர்மினலைத் திறந்து 'அல்சாமிக்சர்' என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். அல்சா என்பதன் எழுத்துகள் ஏ, எல், எஸ், ஏ. எஃப்6 விசையை அழுத்தி உங்கள் ஒலி அட்டையைத் தெரிந்தெடுத்தால் வரிசையாகக் கம்பங்கள் தெரியும்: ஃப்ரன்ட், சரவுண்ட், சென்ரர், எல்எஃப்இ. கம்பத்தின் அடியில் ஆங்கில 'எம்' இரண்டு நின்றால் அந்தத் தடம் மூடியிருக்கிறது. எம் விசையை ஒருமுறை அழுத்தினால் திறக்கும். மேல் அம்புக்குறியால் உயர்த்துங்கள். மூன்று துளைப் போர்டு என்றால் அதே வரிசையில் 'சனல் மோட்' என்ற ஒன்றைத் தேடி, அதை 6 தடத்துக்கு மாற்றவேண்டும். நீலத்தையும் ரோஸையும் வெளியீடாக்குவது இதுதான். 'ஓட்டோ மியூட்' என்று ஒன்றும் இருக்கும். முன்னுக்கு ஹெட்போன் செருகியதும் பின்பக்க ஸ்பீக்கர்களை அடைப்பது அதன் வேலை. ஹெட்போன் வயர் மறந்துபோய்ச் செருகியபடி கிடந்தால் முழு வீடும் மௌனமாகிவிடும்.

இனித்தான் விஷயம். வொலியூம் கொன்ட்ரோல் செயலியின் 'அவுட்புட் டிவைசஸ்' தத்தலுக்கு வாருங்கள். ஒரே ஒரு நீளக் கம்பம் தெரியும், அதன் பக்கத்தில் சிறிய பூட்டுப் படம். அந்தப் பூட்டை அழுத்தித் திறந்தால் ஆறு தடமும் ஆறு கம்பமாகப் பிரியும். அந்தச் சிறிய பூட்டுக்காகத்தான் இந்த முழு வேலையும்.

காது மந்தமான ஒருவர் இருக்கும் வீட்டில் நான் முதலில் செய்வது நடுக் கம்பத்தை 100 இல் விட்டு, முன் இரண்டையும் 70 அளவுக்கு இறக்குவது. வசனம் மேலெழும். நூற்றுக்கு மேலே தள்ளினால் குரல் கிழியும், ஆகவே நடுவை ஏற்றுவதைவிட மற்றவற்றை இறக்குவது நல்லது. அதோடு நிற்கவேண்டிய அவசியமில்லை. நடு ஸ்பீக்கர் திரைக்குக் கீழேதான் இருக்கவேண்டும் என்பது படம் எடுத்தவர்களின் விருப்பம். வயர் எட்டினால் அதைத் தூக்கிக்கொண்டுவந்து அம்மா இருக்கும் கதிரைக்குப் பக்கத்தில், அவருக்குக் கேட்கும் காதின் பக்கமாக வையுங்கள். வெடி அதிர்ச்சியால் உட்காது பாதிக்கப்பட்டவர்களுக்கு உயர்ந்த சுருதி ஒலிகள்தான் அதிகம் போயிருக்கும். ச, ப, த போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அவர்களுக்குச் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. ஸ்பீக்கர் முழுப்பக்கம் அவர்களை நோக்கியிருப்பதும் அருகில் இருப்பதும் அந்தக் கூர்மையைக் கொஞ்சமாவது மீட்டுத் தரும். இது காதுக் கருவிக்கு மாற்றல்ல. காது பரிசோதிக்காதவர்கள் ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்ப்பது வேறு வேலை, அதையும் செய்யவேண்டும்.

பின் ஸ்பீக்கர்களைப் பற்றிக் கடையில் ஒருவரும் சொல்லாததைச் சொல்கிறேன். படத்தில் விமானம் பின்னாலிருந்து வரும்போது எங்கள் ஊரில் எல்லோரும் ரசிப்பதில்லை. கிபிர் வந்த திசையைக் காதால் அறிந்து பங்கருக்குள் ஓடியவர்களின் உடம்பு, அது படம் என்று மூளை சொல்வதற்கு முன்னரே எழுந்துவிடுகிறது. நான் செற் பூட்டிய ஒரு வீட்டில், அந்த வீட்டு அக்கா படம் முடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை. முடிந்தபின், "தம்பி, பின்னுக்கு நிக்கிறதைக் கழட்டிக்கொண்டு போங்கோ" என்றார். கழற்றத் தேவையில்லை. பின் இரண்டு கம்பங்களையும் 20, 30 க்கு இறக்கினால் மழையும் சந்தைச் சத்தமும் மெல்லக் கேட்கும், திடுக்கிட வைக்காது. அல்லது அந்தப் பிளக்கை மட்டும் கழற்றலாம். படம் பார்ப்பதற்கு முன் வீட்டில் உள்ளவர்களைக் கேட்டுவிட்டு மட்டத்தை வையுங்கள், இளையவர்கள் தாங்களே தீர்மானிக்க வேண்டாம்.

அதிர்வுத் தடமும் அப்படித்தான். தாழ்ந்த உறுமல் காதால் மட்டுமல்ல, நிலத்தாலும் கதிரையாலும் உடம்புக்குள் வருவது. பேஸ் பெட்டியைச் சீமெந்து மூலையில் வைத்தால் இரு சுவரும் சேர்ந்து அதைப் பெருப்பிக்கும். தகரக் கூரை வீடென்றால் கூரையும் சேர்ந்து பாடும். மூலையிலிருந்து எடுத்து அறையின் நடுப்பக்கமாக, தடித்த துணியோ ரப்பரோ விரித்து அதன்மேல் வையுங்கள். அதற்கும் மேல் தொல்லை என்றால் பெட்டியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஆறாவது தடத்தில் வசனம் ஒன்றும் இல்லை, கதை ஒரு சொல்லும் தவறாது. சிலவேளை இரண்டு தடப் பாட்டுக்குப் பேஸ் பெட்டி அசையவே அசையாது. பழுது அல்ல. இரண்டு தடத்திலிருந்து அதிர்வைப் பிரித்தெடுக்கும் வேலை பல நிறுவல்களில் அணைந்திருக்கும்.

மட்டங்களை ஒருமுறை வைத்தபின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கச் செற்றில் உள்ள குமிழையே பாவியுங்கள். கணினியின் பொதுக் கம்பத்தை இழுத்தால் சில வேளைகளில் எல்லாத் தடங்களும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்தது போய்விடும்.

முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் பார்ப்பவரின் நேர்க்கோட்டிலிருந்து 30 பாகை வீதம் இருபுறமும், பின் ஸ்பீக்கர்கள் 110 பாகையில், அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால் என்பது நியமம். எங்கள் ஹோல்களில் கதவும் யன்னலும் சுவாமி படமும் விட்டுவைக்கும் இடத்தில்தான் வைக்கமுடியும், பாகைமானி எடுக்கவேண்டாம். காது உயரத்துக்கு வந்தால் போதும். மெல்லிய வயரைப் பிடியில் சொருகும் வகை ஸ்பீக்கர்களில் சிவப்பும் கறுப்பும் மாறாமல் பாருங்கள். சோடியில் ஒன்று மாறினால் குரல் வெறுமையாகி, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போகும். ஒலி வயரையும் மின்சார வயரையும் ஒன்றாகக் கட்டவேண்டாம், உம் என்ற இரைச்சல் வரும்.

இரண்டு ஸ்பீக்கர் மட்டும் உள்ளவர்களுக்குச் சொன்ன கடன் இருக்கிறது. விஎல்சி பிளேயரில் கன்ட்ரோல் விசையுடன் ஈ அழுத்தினால் ஒலி விளைவுகளுக்கான பெட்டி திறக்கும். அதில் 'கொம்பிரசர்' தத்தலுக்குப் போய் இயக்குங்கள். அது பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னச் சத்தத்தை உயர்த்தும். வெடிக்கும் குரலுக்கும் இடையில் உள்ள தூரம் குறையும். நடுத் தடத்தைத் தனியாகக் கூட்டும் அளவுக்கு வராது, ஆனால் ஒரு சதமும் செலவில்லை. ஒரு காது மட்டும் கேட்பவர் ஹெட்போன் போட்டால் மறுபக்கத்து ஒலி முழுதும் இழப்பார். அவருக்கு விஎல்சியின் ஓடியோ பட்டியலில் 'ஸ்டீரியோ மோட்' இற்குள் 'மோனோ' வைத் தெரிவு செய்துவிடுங்கள், இரண்டு பக்கமும் ஒரே காதுக்கு வரும்.

கடைசியாக மின்சாரம். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் கணினியின் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு ஸ்பீக்கர் செற்றைச் செருகியபடி விடுகிறவர்கள் அதிகம். இரண்டும் ஒலி வயரால் இணைந்திருக்கின்றன. செற்றுக்கு அடித்தால் அந்த வயர் வழியாகப் போர்டும் போகும். வானம் இருண்டால் இரண்டு பிளக்கையும் கழற்றுங்கள். கரண்ட் நின்று திரும்ப வரும்போது செற்றின் குமிழ் பூச்சியத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பேஸ் பெட்டி பலமாக ஒருமுறை இடிக்கும்.